கிணத்துத் தண்ணி, மெதனோல், சூப்பர்சார்ஜர்

போன சோளகத்துக்க ஒரு மத்தியானம், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஒரு காரை எங்கட கராஜுக்குக் கொண்டு வந்தவை. 1.8 லீற்றர் எஞ்சின், கொம்பனியே சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற சாமான், போட்டு விட்டது. காருக்குச் சொந்தக்காரப் பெடியன் முறிகண்டியில தேங்காய் உடைச்சுப்போட்டு வெளிக்கிட்டு, ஏ9 றோட்டில கிளிநொச்சிப் பக்கம் ஒரே அழுத்தா அழுத்தினவனாம், கறகற எண்டு ஒரு சத்தம், பிறகு இழுவை இல்லை, சைலன்சரால நீலப்புகை. கழட்டிப் பாத்தா மூண்டாவது பிஸ்டன் ரிங் இருக்கிற இடத்தில உடைஞ்சு கிடக்கு.

பெடியன் சும்மா ஆளில்லை, படிச்சவன். வெளிநாட்டில இருக்கிற மச்சான் அனுப்பின வோட்டர் மெதனோல் கிட்டை, அதாவது எஞ்சினுக்குப் போற காத்துக்க தண்ணியும் மெதனோல் எண்ட மதுசாரமும் கலந்து விசிறிற சாமானை, பூட்டி, அதை நம்பி சூப்பர்சார்ஜர் வேகமாச் சுத்தச் சின்னப் புல்லி போட்டு பூஸ்ட்டை (காத்து அமுக்கத்தை) கூட்டி, பிளக் பத்திற டைமிங்கையும் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறான். நாலு மாசம் பறந்திருக்கு. நான் தண்ணி விசிறிற நொசிலைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சன், ஓட்டை இல்லை, வெள்ளைக் கல்லு. எங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள பிடிக்குமே ஒரு படை, அதேதான். என்ன தண்ணி விட்டனி எண்டு கேட்டன். "கிணத்துத் தண்ணிதான் அண்ணை, வடிச்சுத்தான் விட்டனான்" எண்டான். துணியால வடிச்சா சுண்ணாம்பு போகுமே?

இந்தச் சாமான் என்ன வேலை செய்யுது எண்டு விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். சூப்பர்சார்ஜர் காத்தை அமுக்கேக்க காத்து சுடும். 35 பாகை வெயில் காத்தை அரை பார் அமுக்கினா, அதைக் குளிராக்கிற இன்டர்கூலர் இல்லாட்டி 90, 100 பாகைக்குக் கிட்டப் போகும். அந்தச் சுடுகாத்து உள்ள போனா பிளக் பத்தின கையோட மற்றப் பக்கத்தில தானாப் பெற்றோல் வெடிக்கும், அதுதான் நொக்கிங். தண்ணியைப் புகை மாதிரி விசிறினா அது ஆவியாகேக்க சூட்டை உறிஞ்சும், ஒரு கிலோ தண்ணிக்கு 2257 கிலோயூல், மெதனோலுக்கு 1100 அளவு, பெற்றோலுக்கு 350 போலதான். அதால தண்ணி பவர் தாற சாமான் இல்லை பாருங்கோ, நொக்கிங்கை அடக்கிற சாமான். அடக்கின இடத்தில நீங்கள் பூஸ்ட்டும் டைமிங்கும் கூட்டிறியள், பவர் அதால வருது. தண்ணி நிண்டா அடக்கிறதுக்கு ஆளில்லை, கூட்டினது அப்பிடியே நிக்கும்.

1962இல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் எண்டு டேர்போ (சைலன்சர் புகையால சுத்திக் காத்தை அமுக்கிறது) போட்ட கார் ஒண்டு அமெரிக்காவில வந்தது, அதுக்கும் தண்ணியும் மெதனோலும் கலந்த போத்தல் ஒண்டு இருந்தது, சனம் நிரப்ப மறந்துபோடும். ஆனா போத்தல் காலியானா பூஸ்ட்டைக் குறைக்கிற ஒழுங்கை அவங்கள் அதிலயே வச்சிருந்தவங்கள். எங்கட பெடியன்ர கிட்டில டாங்கியில தண்ணி குறைஞ்சா எரியிற லைற் மட்டும்தான். டாங்கி நிறையத் தண்ணி, நொசில் அடைப்பு, லைற் எப்பிடி எரியும்? ஓட்டத்தை அளக்கிற சென்சர் ஒண்டு வச்சு, ஓட்டம் குறைஞ்ச உடன பூஸ்ட்டை வெட்டுற மாதிரி வயர் இழுக்க வேணும். நொசிலுக்குக் கிட்ட கறண்டில திறந்து மூடுற சொலனொயிட் வால்வும் வேணும், இல்லாட்டி காலை எடுக்கேக்க எஞ்சின் வெற்றிடத்தில தானா உறிஞ்சும், நிறையத் தண்ணி சிலிண்டருக்க போனா பிஸ்டனைப் பிடிக்கிற கொன்றொட் வளையும்.

நொக்கிங் எங்கட காதுக்குப் புதுசில்லை. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் இல்லாமல், மொறிஸ் மைனர், ஏ40 எண்ட பழைய கார்கள் மண்ணெண்ணெயில ஓடினதுகள், பெற்றோலைச் சொட்டா விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மாத்துறது. ஏத்தத்தில அது கடகடக்கிற சத்தம் கேட்டவை கியரைக் குறைச்சுப்போடுவினம். இப்பத்தைப் பெடியளுக்கு பாட்டுச் சத்தத்தில அது கேக்கிறேல்லை.

நான் உண்மையில பயந்தது பிஸ்டனுக்கில்லை. டிக்கியைத் திறந்தா ஒண்டரை லீற்றர் சோடாப் போத்தல் ரெண்டில மெதனோல். லேபல் இல்லை, தண்ணி நிறம், மணம் சாராயம் மாதிரி. கசிப்புக் காய்ச்சிற ஊரில இதைப்போல ஒரு போத்தலை வச்சா என்ன நடக்கும்? எங்கட வேலைக்காரப் பெடியன் ஒருத்தன் மூடியைத் திறந்து மணந்துகொண்டு நிண்டவன், பறிச்செடுத்தன். மெதனோல் உடம்புக்க போய் ஃபோர்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தின்னும், 10 மில்லியே கண்ணை எடுக்கக் காணும், 30 மில்லி அளவில செத்த ஆக்களும் இருக்கினம். குடிச்ச உடன சாதாரண வெறி மாதிரித்தான் இருக்கும், கண் மங்குறது பிறகுதான், சில நேரம் அடுத்த நாள். அதால ஆரும் தவறிக் குடிச்சா நித்திரை கொள்ளட்டும் எண்டு விடாதேங்கோ, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. தோலாலயும் உள்ள போகும், கையுறை போடுங்கோ. பத்தினா பகல் வெளிச்சத்தில சுவாலை கண்ணுக்கே தெரியாது. சிலபேர் கண்ணாடி கழுவுற டாங்கியிலயே இதை விடுகினம், வைப்பரை அமத்த மணம் முழுக்க காருக்குள்ள வரும்.

இன்னொண்டு. மெதனோல் கலக்கிறதுக்குப் பெரிய காரணம் தண்ணி உறையாமல் இருக்கத்தான். ஜேர்மன்காரர் ரெண்டாம் உலக யுத்தத்தில விமானத்துக்கு எம்டபிள்யூ 50 எண்டு பாதிக்குப் பாதி கலந்து விட்டதும் மேல இருக்கிற குளிருக்குத்தான். மார்கழிப் பனியிலயும் இரணைமடுக் குளம் உறைஞ்சதை நான் காணேல்லை! மெதனோலுக்கு ஒக்டேன் (நொக்கிங்கைத் தாங்கிற அளவு) கூட, அது உண்மை, றேஸ் ஓடுறவனுக்கு அது வேணும். ஏ9இல ஓடுறவனுக்கு பற்றறிக்கு விடுற, காய்ச்சி ஆவியாக்கி வடிச்ச தண்ணியே போதும், அதுக்கு ஏத்த மாதிரி ரியூன் பண்ணினா சரி.

பெடியன் பழைய புல்லியைத் திருப்பிப் போடச் சொல்லிப்போட்டான். பிஸ்டன் கொழும்பில இருந்து வரவேணும், இன்னும் வரேல்லை.