ஒன்பது நிமிடம் பொறுக்கும் றவுட்டர்

கல்முனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அறுகம்பேயில் ஒரு விடுதியின் வைஃபையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். மவுஸ் இருக்க, அனுபவமுள்ளவர்கள் ஏன் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிறார்கள்? ஒரு எழுத்துப் பிழைத்தால் பொத்துவில் பஸ் ஏற வேண்டுமே?”

அவரிடம் இருப்பது லாத்வியாவின் மைக்ரோடிக் நிறுவனத்து றவுட்டர். விடுதியில் அதுதான் கன்ட்ரோலர், மற்றப் பெட்டிகளை மேய்ப்பது. அறையோரம் மாட்டிய வைஃபை பெட்டிகள் யூடிபி 5246, 5247 போர்ட்களில் (வலையில் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) அதோடு பேசி, பெயர், பாஸ்வேர்ட், சேனல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கட்டளைத் திரையில் எழுத்து மட்டும் போய்வருவதால் நொண்டும் லைனிலும் வேலை நடக்கும். சரி, இது தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது, அந்தத் திரையில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் வரும் ‘சேஃப்’ நிலை. அதன்பின் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உடனே அமலாகும். அதைத் திருப்பும் வழியும் கூடவே குறிக்கப்படும். இப்போது எல்லாவற்றையும் தடுக்கும் பயர்வோல் (காவல்) விதியை, எஸ்எஸ்எச்சை, அதாவது நீங்கள் தூரத்திலிருந்து உள்ளே வரும் இணைப்பை, அனுமதிக்கும் விதிக்கு மேலே போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மேலே இருப்பதுதான் முதலில் பார்க்கப்படும். என்டர் தட்டியதும் கர்சர் உறைந்துவிடும்.

நீங்கள் அறுந்து போனது றவுட்டருக்குத் தெரியாது. தான் அனுப்பியதற்கு ‘கிடைத்தது’ என்று பதில் வராததால் திரும்ப அனுப்பும், பொறுக்கும், மறுபடி அனுப்பும். சுமார் 9 நிமிடத்தில், இப்படி அனுப்பிப் பதில் பார்க்கும் டிசிபி என்ற முறை கைவிடும். அப்புறம் றவுட்டர் தன் குறிப்புகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் புரட்டி ஒவ்வொன்றாகக் கலைக்கும். விலான் (ஒரே வலைக்குள் பிரித்த தனி வலை) உண்டாக்கி அதன்மேல் ஐபி முகவரி வைத்திருந்தால், முதலில் முகவரி போகும், பிறகு விலான். கூரை பிரிப்பவர் கடைசியாக வேய்ந்த கிடுகில் கை வைப்பது மாதிரி. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் சரி. இங்கே மௌனம் என்றால் மறுப்பு. ஆகவே கர்சர் உறைந்தால் பதறாமல் தேநீர் குடியுங்கள்.

இராகு காலத்தில் கன்ஃபிக் (றவுட்டர் அமைப்பு) தொடமாட்டேன் என்பவர்களை மட்டக்களப்பிலும் கண்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு இந்தக் கன்ட்ரோல் எக்ஸ் தெரியாது. குறுங்கால வகுப்பில் படம் காட்டிச் சான்றிதழ் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பழைய றவுட்டர் ஒன்றை மேசையில் வைத்துக் குழப்ப விட்டாலே பாதி பாடம் முடிந்துவிடும்.

ஒரு விஷயம்: சேஃப் நிலை கவனிப்பது உங்கள் இணைப்பை மட்டுமே. 5246ஐத் தடுத்து எஸ்எஸ்எச்சை விட்டுவைத்தால் உங்கள் திரை உயிரோடு இருக்கும், பெட்டிகள் கழன்றுவிடும், எதுவும் திரும்பாது. இன்னொரு றவுட்டர் நிறுவனமான ஜூனிப்பரின் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கட்டளை இதில் கறார்: நீங்கள் வேறு நேரம் சொல்லாவிட்டால் 10 நிமிடம், அதற்குள் மறுபடி உறுதி செய்யாத மாற்றம், இணைப்பு நன்றாக இருந்தாலும் போய்விடும். மைக்ரோடிக்கில் அந்தக் கவனம் உங்கள் பொறுப்பு. இரண்டாம் முறை கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி மாற்றத்தை நிலைநிறுத்துவதற்கு முன், கன்ட்ரோலரோடு இணைந்த பெட்டிகளைக் காட்டும் ‘ரிமோட்-கேப்’ பட்டியலில் எல்லாப் பெட்டிகளும் நிற்கின்றனவா என்று பாருங்கள். நீண்ட ஸ்கிரிப்ட்டை ஒரே மூச்சில் ஒட்டவும் வேண்டாம். குறிப்பில் 100 மாற்றங்களுக்குத்தான் இடம். நிரம்பினால் சேஃப் நிலை தானாகவே விலகிவிடும், அதன்பின் றவுட்டர் எதையும் தானாகத் திருப்பாது.