தலையில் முளைத்த கம்பம்

டிஜிட்டல் போட்டோகிராபி சொல்லிக்கொடுக்கும்போது என் மாணவர்களை கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு விடியற்காலையிலேயே கூட்டிப் போய்விடுவேன். போன முறை வந்த ஒரு பையன், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டுக்கொண்டுதான் படம் எடுத்தான். அது நல்ல பழக்கம். ஆனால் அரை மணி நேரத்தில் இருநூறு படம்! அத்தனையிலும் பின்னால் நின்ற படகின் கம்பம் பெரியவர் தலையில் முளைத்திருந்தது. கேட்டால், "அப்புறம் எடிட்டிங்ல எடுத்துடலாம் சார்" என்கிறான்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் முதல் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தலையில் வாழைமரமே குலை தள்ளியிருந்தது.

இந்த 'அப்புறம்'தான் சிக்கல். பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். அதனால் எடுக்கும் முன்பே ஓரங்களைப் பார்ப்போம். இப்போது 'கிராப் செய்துகொள்ளலாம்' என்கிறார்கள். 12 மெகாபிக்சல் படத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான். போன் திரையில் தெரியாது. பெரிதாகப் பிரிண்ட் போட்டால் பல்லிளிக்கும்.

இன்னொரு தொல்லை, கேமரா திரையைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஒன்பது கட்டம். கோடு சந்திக்கும் இடத்தில்தான் ஆளை வைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். புதுச்சேரி கடற்கரை காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன. அந்தச் சமச்சீர்தான் அழகு. அங்கே சிலையை ஓரத்துக்குத் தள்ளுவானேன்? தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வெறும் வெள்ளை வானமாக இருந்தால் அதற்கு ஏன் மூன்றில் இரண்டு பங்கு? அடிவானத்தை மேல்கோட்டுக்கு ஏற்றிவிட்டு, மணலில் நண்டு போட்ட கோலத்துக்கு இடம் விடலாம்.

வெளிச்சத்தையும் கவனிக்கச் சொல்வேன். நம் பக்கம் சூரியன் கடலிலிருந்து வருகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் கருத்துப்போகும். நிழலுருவம்தான் வேண்டுமென்றால் சரி, இல்லாவிட்டால் ஆளைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனிடம், "இன்றைக்கு உனக்கு 36தான். ஜூம் கிடையாது, அழிக்கவும் கூடாது" என்றேன். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே எடுக்கவில்லை. அப்புறம் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து, மண்டி போட்டான். கம்பம் தலையை விட்டு விலகியது. வலை ஒரு கோடாகச் சரிந்து பெரியவரின் கைக்கும் ஊசிக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கே திருப்திதான்.

பெரியவரிடம் காட்டினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "கை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வலைய இழுத்துப் பிடிச்சிருக்கறது கால் கட்டைவிரலு. அத வெட்டிட்டியே" என்றார்.

பையன் மறுபடி மண்டி போட்டான்.