சட்டத்துக்கு அடியில் மிச்சமிருந்த மஞ்சள்

பழுதான ஓவியங்களையும் பழந்துணிகளையும் செப்பனிடுவது என் தொழில். காய்ந்த இலை, மரப்பட்டை, துணித்துண்டு, நூல் எல்லாம் ஒரே பலகையில் சேரும் கலவைப் படைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர்கள் செய்தவை. கண்ணும் கையும் அபாரம். ஒட்டி முடித்த பிறகும் இலையும் துணியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அப்படி ஒருவர் கொண்டுவந்த வயல் படம். மஞ்சள் தோய்த்த பருத்தித்துணியில் வரப்பு வரப்பாகத் தையல், மேலே சருகுகள். செய்து 2 வருடம்தான், வயல் வெளுத்துப்போயிருந்தது. சட்டத்தைக் கழற்றினேன். அது மறைத்திருந்த ஓரத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு, பளீரென்று மஞ்சள்!

"வெயிலே படாத சுவர்லதானே மாட்டினேன்" என்றார். வெயில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமே போதும். மஞ்சள் கிழங்குச் சாயம் அவ்வளவு சீக்கிரம் வெளிறும். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் எவ்வளவோ தேவலை. போன நிறத்தை என்னாலும் மீட்க முடியாது. அதனால், எந்தத் துணியானாலும் ஒரு துண்டு வெட்டிப் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, ஒரு மாதம் ஜன்னலோரம் வையுங்கள். அப்புறம் முடிவு செய்யலாம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான வெளிச்சம் வைப்பது சும்மா இல்லை.

கருப்பு வேறு கதை. கடுக்காயும் இரும்பும் சேர்த்த கருப்பு துணியையே மெல்ல அரிக்கும். பழைய பூத்துணிகளில் பூ அப்படியே இருக்க, அதன் கருப்புக் கோடு மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பசையை விடத் தையலே நல்லது என்பது என் கட்சி. ஈரக்காற்றில் துணி ஒரு மாதிரி அசையும், அட்டை ஒரு மாதிரி. முழுக்க ஒட்டினால் சுருக்கம் விழும், பிரித்தால் கிழியும். தையலைப் பிரித்துவிடலாம். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம், துருக்கறை போகாது.

பூச்சி விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. கம்பளி, பட்டு, சருகு எதையும் சேர்ப்பதற்கு முன் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் மூடி, -20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்தால் உள்ளே வியர்க்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

கண்ணாடி போட்டால் படைப்பின் மேல் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

வயல் படத்துக்கு மறுபடி சாயம் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. அந்த மஞ்சள் ஓரம் தெரிகிற மாதிரி பெரிய சட்டம் கேட்டார். அதுவும் வெளிறிவிடும் என்றேன். சரி என்றார். இப்போது படத்துக்கு முன்னால் போட ஒரு திரை தைத்துக்கொண்டிருக்கிறாராம்.