தையல்சிட்டும் பறவைக்கூட்டுக் காளானும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். ரோசாச் சாடியில், தும்புத்தூளின் மேல், கடலை அளவில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பாக நாலைந்து முட்டைகள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், சாடியை வெளியே எறி என்கிறாராம் மாமியார்.

எறிய வேண்டாம். அது பறவைக்கூட்டுக் காளான்; சையாதஸ் என்ற பேரினம். மக்கிய மரத்தையும் தும்பையும் தின்று வாழும். செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. முட்டை போலத் தெரிவது வித்திகள், அதாவது காளானுக்கு விதைபோல உதவும் நுண்துகள்கள், நிறைந்த பொதி.

உண்மையான கூட்டை அதே முற்றத்தில் தையல்சிட்டு கட்டும். பத்து கிராம்கூட இல்லாத குருவி அது. 1769இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தது இலங்கைக் குருவியைக் கொண்டுதான். பெண் குருவி இலையோரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்துத் தைக்கிறது. முடிச்சுக் கிடையாது, துளைக்கு வெளியே பஞ்சு விரிந்து, ஆணித்தலை போலப் பிடித்துக்கொள்ளும்.

காளானிடமும் நூல் இருக்கிறது. எனக்குப் பிடித்த இடமே இதுதான். பெரிய மழைத்துளி செக்கனுக்கு எட்டு மீற்றர் வேகத்தில் கிண்ணத்துக்குள் விழுகிறது. சுவர் வெளிப்பக்கம் சரிந்திருப்பதால் நீர் அதன் வழியே மேலேறி, முட்டையையும் அள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. ஒரு மீற்றர் தூரம்கூடப் போகும். இந்த உத்தியை 1951இல் விளக்கி எழுதியவர் கனடாவின் காளான் ஆய்வாளர் ஹரல்ட் புரோடி.

சரி, முட்டை பறந்துவிட்டது. அதன் அடியில் ஒரு சின்னப் பை. பைக்குள் சுருட்டி வைத்த நூல். துளி அடித்த அடியில் பை கிழிந்து, நூலின் பிசுபிசுத்த நுனி வெளியே தொங்கும். போகிற வழியில் அது ஒரு புல்லில் ஒட்டினால் போதும். நூல் விறுவிறென்று நீண்டு, முட்டையை இழுத்து நிறுத்தும். முளையில் கட்டிய மாடு சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைக் குறுக்கிக்கொள்ளுமே, அப்படியே முட்டையும் புல்லைச் சுற்றிக் கட்டுண்டு நிற்கும். சாணத்தில் வளரும் இனமென்றால், அந்தப் புல்லை மாடு மேய, வித்திகள் அதன் குடலைக் கடந்து சாணத்தோடு புது இடம் போய்ச் சேரும்.

குருவி நூலைத் தேடித் திரிய வேண்டும். காளானுக்குத் தன் உடல் இழையே நூல். எறிகிற வேலை மழையுடையது. கொழும்பில் பறவை பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர். காளானுக்காகக் குனிகிறவர்கள் மிகக் குறைவு. நம் பல்கலைக்கழகங்கள் காளான் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த மழை விட்டதும் ரோசாக் காம்புகளை உற்றுப் பாருங்கள். கறுப்பு முட்டை ஏதாவது நூலில் சுற்றிக் கிடந்தால், அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாமியாருக்கும் காட்டுங்கள்.