வெல்பீயிங்குக்கு 'நலம்' போதாதா?

போன வாரம் ஒரு பயிலரங்கில் கையில் கொடுத்த தாளின் தலைப்பு இது: 'மகிழ்ச்சி பற்றிய பார்வையும் மகிழ்ச்சியும்'. அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். உள்ளே படித்த பிறகுதான் புரிந்தது, முதல் மகிழ்ச்சி 'ஹேப்பினஸ்', இரண்டாவது 'வெல்பீயிங்', அதாவது மொத்த வாழ்க்கையும் நன்றாக இருத்தல். மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஒன்று.

அவை ஒன்றல்ல என்பதில்தானே மகிழ்ச்சியை ஆராயும் உளவியலே நிற்கிறது! டிம் காசர், ரிச்சர்ட் ரயான் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பணம் சேர்ப்பதையே தலையாய இலக்காக வைத்தவர்களிடம் வெல்பீயிங் குறைவாக இருந்தது. 2011இல் ஐரிஸ் மாஸ் குழுவினர் இன்னொன்றைச் சொன்னார்கள்: பெரிய நெருக்கடி இல்லாத வாழ்க்கையில், மகிழ்ச்சியை அளவுக்கு மீறிப் பெரிதாக நினைப்பவர்களுக்கு வெல்பீயிங் குறைகிறது. இதைத் தாளின் தமிழில் சொன்னால், 'மகிழ்ச்சியைப் பெரிதாக நினைத்தால் மகிழ்ச்சி குறையும்'. விடுகதையா இது?

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. 'வெல்' நன்றாக, 'பீயிங்' இருத்தல். இதற்குப் பின்னால் அரிஸ்டாட்டில் பேசிய கிரேக்கச் சொல் 'யூடைமோனியா' நிற்கிறது. 'யூ' நல்ல, 'டைமோன்' தெய்வம் அல்லது ஆவி. ஒரு நாள் இன்பத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை, முழு வாழ்க்கையையும் பார்த்தார். அதையும் நம்மவர்கள் 'மகிழ்ச்சி' என்றே எழுதுகிறார்கள். மகிழ்ச்சி வந்து போகும் உணர்ச்சி. 'தம் மகிழ்ச்சியின் மைந்துறும் போழ்து' என்று வள்ளுவர் எச்சரிப்பது அதில் மயங்கிக் கடமையை மறப்பவர்களை.

அப்புறம், வெல்பீயிங்குக்குச் சிலர் எழுதும் 'நல்லிருப்பு'. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒரு சொல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். 'இருப்பு' என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கையிருப்பு, வங்கி இருப்பு, ரேஷன் கடைக் கரும்பலகையில் 'சர்க்கரை இருப்பு இல்லை'. நல்லிருப்பு என்றால் புழுப்பிடிக்காத அரிசி மூட்டை! 'நல்லா இருப்பா' என்று பாட்டி வாழ்த்துவதில் அந்தப் பொருள் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சரி, இருக்கிறது. ஆனால் அது வினையில் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக்கினால் கிடங்குக்குப் போய்விடுகிறது. 'உன் இருப்பு எப்படி?' என்று யாராவது கேட்டால் பணத்தைத்தான் எண்ணிப் பார்ப்போம்.

'நல்வாழ்வு' பரவாயில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அது சுகாதாரத் துறையின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. 'மக்கள் நல்வாழ்வு' என்றால் தடுப்பூசிதான் கண்முன் வருகிறது. இலங்கையில் புழங்கும் 'நலன்புரி' அழகான சொல், ஆனால் அது 'வெல்ஃபேர்', பிறர் நலனுக்காகச் செய்யும் உதவி.

நாம் கடிதத்தில் காலங்காலமாக எழுதியது என்ன? 'நலம், நலமறிய ஆவல்.' உடம்பு, மனம், வீடு, மாடு கன்று எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். 'குணநலம் சான்றோர் நலனே' என்ற குறளில் பண்பும் அதற்குள் வந்துவிடுகிறது, அரிஸ்டாட்டில் தேடிய இடத்துக்குப் பக்கத்திலேயே. இதைச் சொன்னபோது பயிலரங்கை நடத்தியவர், "நலம்னா ரொம்பச் சாதாரணமா இருக்கே சார்" என்றார். படிப்பவர் தடுமாறினால்தான் கலைச்சொல் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

உளவியலாளர் எட் டீனர் 1984இல் எழுதிய கட்டுரையால் பரவிய 'சப்ஜெக்டிவ் வெல்பீயிங்' என்ற தொடருக்கு 'தானுணரும் நலம்' என்று எழுதிப் பார்த்தேன். நண்பர் 'அகவய நல்லிருப்பு' என்கிறார். எனக்கு மறுபடியும் அரிசி மூட்டைதான் தெரிகிறது.