பாட்டினா: செம்புக்குக் களிம்பு, வெள்ளிக்கு?

நாணயம் சேகரிப்பவர்களிடையே அடிக்கடி அடிபடும் சொல் பாட்டினா. உலோகத்தின் மேற்பரப்பு காற்றோடும் ஈரத்தோடும் ஆண்டுக்கணக்கில் வினைபுரிவதால் உண்டாகும் மெல்லிய படலம் அது. இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. லத்தீனில் பாட்டினா என்றால் ஆழமில்லாத அகன்ற பாத்திரம். 1681-இல் பிலிப்போ பால்டினூச்சி வெளியிட்ட கலைச்சொல் அகராதியில், காலப்போக்கில் ஓவியங்கள் மேல் ஏறும் கருமைக்கு இச்சொல் ஆளப்பட்டிருக்கிறது.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை, செம்பைப் பொறுத்தவரையில். களிம்பு என்பது பழைய சொல். ஆணவ மலம் என்னும் அறியாமை அழுக்கு உயிரைத் தொன்றுதொட்டே பற்றி நிற்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பும் களிம்பும்தான். இன்று களிம்பு என்றதும் பூசுமருந்துதான் நினைவுக்கு வருகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வெள்ளி நாணயத்தில் படிவதைக் களிம்பு என்பது பொருந்தாது. காற்றிலோ நாணயம் வைத்திருக்கும் அட்டையிலோ உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. விளக்கடியில் நாணயத்தைச் சாய்த்துப் பாருங்கள். படலம் மெல்லியதாக உள்ள இடம் பொன்மஞ்சள். தடிக்கத் தடிக்கச் செம்மை, நீலம், கடைசியில் கருமை. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் வானவில் காட்டுகிறதே, அதே ஒளி விளையாட்டு. அட்டையில் இருந்த நாணயமாக இருந்தால் பெரும்பாலும் விளிம்பில்தான் முதலில் நிறம் ஏறியிருக்கும். இதை நான் நிறப்படலம் என்று எழுதுகிறேன். எல்லா உலோகத்துக்கும் பொதுவாகச் சொல்ல, காலப்படலம்.

பெயரைச் சரியாகச் சொல்வது வெறும் மொழிப்பற்று அன்று. செம்பு நாணயத்தில் தெரியும் பச்சையெல்லாம் ஒன்றல்ல. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருப்பது களிம்பு. அதைச் சுரண்டக் கூடாது, அது உலோகத்தின் மேல்தோலாகவே ஆகிவிட்டது. எழுத்துகளின் இடுக்கில் வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, அடியில் குழியைக் காட்டுவது குளோரைடால் வரும் 'வெண்கல நோய்'. ஈரம் பட்டால் பரவும். அந்த நாணயத்தை உடனே தனியே எடுத்து உலர்வான இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது, பல்குச்சி நுனியில் பிசுபிசுவென்று ஒட்டி வரும் பச்சை. இது காலப்படலமே அல்ல, நாணயம் போட்டுவைத்த மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை சிதைந்து விட்டுச்சென்ற கசிவு. வெள்ளியிலும் வரும். அசிட்டோன் என்ற கரைப்பானில், கலப்பில்லாததில், ஊறவைத்தால் இது கரைந்து போகும், களிம்பு அசையாது. ஆனால் அந்தக் கசிவிலுள்ள அமிலம் ஏற்கெனவே உலோகத்தை அரித்திருந்தால், பச்சை போன பிறகும் தழும்பு அப்படியே இருக்கும்.