அப்ரைசல் மீட்டிங்கில் பேரம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது

ஹைக் லெட்டர் (சம்பள உயர்வுக் கடிதம்) வந்த மறுநாள் எச்.ஆர். மெயில்பெட்டியைத் திறந்தால் ஒரே புலம்பல். “மேனேஜரிடம் ஒரு மணி நேரம் பேசினேன், பார்க்கிறேன் என்றார், கடைசியில் ஆறு சதவீதம்தான்.” அவரால் பார்க்க முடியாது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஐ.டி. சேவை நிறுவனங்களில், உங்களை உட்கார வைத்துப் பேசும் அந்த மீட்டிங் முடிவைச் சொல்வதற்கானது. முடிவெடுத்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். வருடா வருடம் சொல்கிறோம், வருடா வருடம் அதே மெயில்.

நிறுவனத்தின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். புரமோஷனுக்கான பெயர்களை டிசம்பர், ஜனவரியிலேயே கேட்டு வாங்கிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் செல்ஃப் அப்ரைசல், அதாவது உங்கள் வேலையை நீங்களே மதிப்பிட்டு எழுதுவது. அடுத்தது நார்மலைசேஷன் (மேனேஜர்கள் கூடி எல்லா டீம்களின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்வது), பிறகு நிதித்துறை ஒப்புதல், அதற்கப்புறம்தான் லெட்டர். மாதம் முன்னே பின்னே போகலாம், வரிசை பெரும்பாலும் இதுதான். ஆக மார்ச்சில் ராத்திரி பகலாக உழைத்துக் காட்டுகிறவர், ஜனவரியில் மூடிய பட்டியலுக்காக உழைக்கிறார்.

மேனேஜர் மனசு வைத்தால் போட்டுக் கொடுக்கலாம் என்ற நினைப்பு எங்கிருந்துதான் வருகிறதோ! அவர் கைக்கு வருவது ஒரு தொகை. பத்துப் பேர் டீம், ஆளுக்கு வருடச் சம்பளம் 12 லட்சம், மொத்தம் 1 கோடியே 20 லட்சம். மேலிடம் 8 சதவீதம் ஒதுக்கினால் பகிர இருப்பது 9 லட்சத்து 60 ஆயிரம். மூன்று பேருக்கு 14 சதவீதம் கொடுத்தால் 5 லட்சத்து 4 ஆயிரம் போய்விடும். மீதி ஏழு பேருக்குச் சுமார் 5.4 சதவீதம்தான் தேறும். உங்களுக்குக் கூட்டிக் கொடுக்க அவர் பக்கத்து சீட்டில் இருப்பவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அதையும் லெட்டர் அச்சான பிறகு செய்ய முடியாது.

“எனக்கும் அவருக்கும் ஒரே ரேட்டிங், அவருக்கு மட்டும் ஏன் அதிகம்?” என்பது அடுத்த புகார். சதவீதத்தை ரேட்டிங் மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்கள் கிரேடுக்கான சம்பள பேண்டில் (குறைந்தபட்சம் முதல் அதிகபட்சம் வரையான வரம்பில்) நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் சேரும். பேண்ட் 10 முதல் 18 லட்சம் என்றால் நடுப்புள்ளி 14. பத்தரை லட்சத்தில் இருப்பவருக்கு 12 சதவீதமும், பதினேழரையில் இருப்பவருக்கு 5 சதவீதமும் வருவது அநியாயம் இல்லை. மேல்விளிம்பைத் தொட்டவருக்கு இனி புரமோஷன்தான் வழி.

அந்தப் புரமோஷன், நன்றாக வேலை செய்ததற்கான பரிசு என்று நம்புகிறவர்கள் நார்மலைசேஷன் அறையில் ஓடும் எக்செல் ஷீட்டைப் பார்த்தால் தெளிவார்கள். பெயர், கிரேடு, இந்த கிரேடில் எத்தனை மாதம், கடைசி இரண்டு ரேட்டிங், பேண்டில் இடம், ஓரத்தில் இரண்டு வரிக் காரணம். ஒரு பெயருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம். உங்களை அறியாத மற்ற மேனேஜர்கள், “இவர் ஏற்கெனவே அடுத்த லெவல் வேலை செய்கிறாரா? அந்த லெவலில் இடம் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் விழுகிறவர்கள் ஏராளம். கிளையன்ட் தரும் பில்லிங் ரேட் உங்கள் புரமோஷனால் தானாக உயராது, செலவு மட்டும் ஏறும். சீனியர்கள் ஏற்கெனவே நிறைந்த புராஜெக்ட்டில் உட்கார்ந்து அடுத்த கிரேடுக்குக் காத்திருப்பது வீண். இடம் உள்ள புராஜெக்ட்டுக்கு அக்டோபருக்குள் மாறப் பாருங்கள்.

மாறும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய மேனேஜரிடம் இடைக்கால மதிப்பீட்டைச் சிஸ்டத்தில் பதியச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். புது மேனேஜருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஷீட்டில் நடு ரேட்டிங் போட்டுவிட்டுப் போய்விடுவார். மகப்பேறு விடுப்பில் போகும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். வேலை பார்த்த மாதங்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும், ஆனால் அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

செல்ஃப் அப்ரைசலில் “கடினமாக உழைத்தேன், டீமுடன் ஒத்துழைத்தேன்” என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அந்த இரண்டு வரிக் காரணத்தை மேனேஜர் பெரும்பாலும் நீங்கள் எழுதியதிலிருந்துதான் காப்பி செய்கிறார். எந்த வேலை, முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு, கிளையன்ட் யார் என்ன மெயில் அனுப்பினார் என்று எழுதுங்கள். மாதா மாதம் குறித்து வைத்தால்தான் பிப்ரவரியில் நினைவுக்கு வரும். “இந்த வருடம் என் பெயர் பட்டியலில் போகிறதா, என்ன குறைகிறது?” என்று செப்டம்பரிலேயே நேராகக் கேளுங்கள். மழுப்பினால் போகவில்லை என்று அர்த்தம்.

லெட்டர் வந்ததும் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) ஏறிய சதவீதத்தை மட்டும் பார்த்து ட்ரீட் கொடுத்துவிடாதீர்கள். புரமோஷனோடு வேரியபிள் பங்கும், அதாவது நிச்சயமில்லாமல் செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் பகுதியும், கூடும். 10 லட்சத்தில் வேரியபிள் 10 சதவீதமாக இருந்து, 11 லட்சத்தில் அது 15 சதவீதமானால், நிச்சயத் தொகை 9 லட்சத்திலிருந்து 9 லட்சத்து 35 ஆயிரமாகத்தான் ஏறுகிறது. மாதம் மூவாயிரத்துக்கும் குறைவு, அதுவும் வரிக்கு முன். அந்த 9.35-க்குள்தான் கம்பெனி கட்டும் பி.எஃப்.பும், 5 வருடம் முடிக்காமல் போனால் கைக்கு வராத கிராஜுவிட்டியும் அடங்கியிருக்கும். அடுத்த ஆண்டு புது லெவலின் அளவுகோலில் ரேட்டிங் ஒரு படி இறங்கினாலும் அதிர்ச்சியடைய வேண்டாம், அது வழக்கம்தான்.

சரி, வேறு ஆஃபரைக் காட்டி மிரட்டலாமா? சில சமயம் பலிக்கும், ஏனென்றால் தக்கவைக்கும் பணம் மேனேஜரின் தொகையிலிருந்து வராமல் தனிக் கணக்கிலிருந்து வரும். ஆனால் அது நிரந்தரச் சம்பளத்தில் சேர்கிறதா, ஒருமுறை போனஸா என்று எழுத்தில் கேளுங்கள். போனஸ் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அதைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.